நான்கு தடவை கூப்பிட்டார்கள்

அந்த வேலைக்கு என்னை நான்கு தடவை கூப்பிட்டார்கள். வவுனியா நகரில் வசதியுள்ள சிலர் கூட்டுச் சேர்ந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரி திறந்திருந்தார்கள். பதினெட்டுக் கட்டில்கள், ஒரு டொக்டர், இரண்டு நேர்சுமார். மருந்து கலக்கிக் கொடுக்கப் பத்திரம் பெற்ற மருந்தாளர் ஒருவர் தேவை என்று பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. அரசாங்க வேலைக்குச் சிங்களம் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு அந்த எழுத்தில் என் பெயரைக்கூட எழுதத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்துக் கடையில் பழகுநராக நின்று, கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி, மருந்தாளர் பத்திரம் வாங்கியிருந்தேன். அதன் பிறகு முல்லைத்தீவுப் பக்கம், டொக்டருக்கு அடுத்த படியில் அரசாங்க வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஒருவர் நடத்திய மருந்துச்சாலையில் இரண்டு வருடம் வேலை செய்தேன். அப்போதிக்கரி நோயாளியைப் பார்த்துச் சீட்டு எழுதுவார். நான் பக்கத்து அறையில் மருந்து கலந்து கொடுப்பேன். அந்த வேலையை விட்டுவிட்டு வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது.

கிளிநொச்சியில் வாய்க்கால் கரையோரம், அப்பு என்று நாங்கள் கூப்பிடும் என் தகப்பனுக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணியில்தான் எங்கள் வீடு. தீவுப்பகுதியிலிருந்து வந்து, காடு வெட்டி, அதை வயலாக்கியவர் அவர். நான் ஏன் வேலையை விட்டேன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. மண்வெட்டியைத் தந்தார், வரம்பு கட்டச் சொன்னார். அந்த விளம்பரத்தைத் தேத்தண்ணிக் கடையில் பார்த்துக் கிழித்துக்கொண்டு வந்ததும் அவர்தான்.

"படிச்ச படிப்பு சேத்துக்கை கிடக்குது. ஒருக்கா எழுதிப் போட்டுப் பார்."

எழுதிப் போட்டேன். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அம்மா என்னுடைய வெள்ளைக் காற்சட்டையை நீலம் போட்டுத் தோய்த்து, சிரட்டைக் கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தித் தந்தார். காலை ரயிலில் போனேன்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் ஏழு பேர் இருந்தோம். எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவருக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். கனகராயன்குளத்துக்காரர். மலையகத்தில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் பல வருடம் மருந்து கொடுத்தவர். தோட்டத்துத் துரை மாறியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இது தனக்கு ஒன்பதாவது நேர்முகப் பரீட்சை என்று வெட்கப்படாமல் சொன்னார்.

"தம்பி, முதல்தரம் பத்திரத்தைத்தான் பாப்பினம். பயப்பிடாதையும். திருப்பிக் கூப்பிட்டால் கையைப் பாப்பினம். அதுக்குப் பிறகும் கூப்பிட்டால்தான் ஆளைப் பாக்கினம் எண்டு அர்த்தம்."

"ஆளைப் பாக்கிறது எண்டால்?"

"எதைக் கேட்டாலும் சுருக்கமாச் சொல்லும். கனக்கக் கதைச்சவன் ஒருத்தனும் வேலை எடுக்கேல்லை. நான் அப்பிடித்தான் நாலு இடத்தை விட்டனான்."

உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர், அரிசி ஆலை முதலாளி. வலப்பக்கம் இளைப்பாறிய தலைமையாசிரியர் ஒருவர். இடப்பக்கம் அந்த ஆஸ்பத்திரியின் டொக்டர். ஐம்பது வயதிருக்கும், மெலிந்தவர், கடைசிவரை வாய் திறக்கவில்லை. முதலாளி என் பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தகப்பன் என்ன தொழில், சொந்த ஊர் எது, அந்த ஊரில் எந்தப் பக்கம், கோயிலுக்குக் கிட்டவோ தூரவோ என்றெல்லாம் கேட்டார். அந்தக் கேள்விகள் எதைத் தேடுகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். பதில் சொன்னேன். தலைமையாசிரியர்தான் அதைக் கேட்டார்:

"முந்தின இடத்தை ஏன் விட்டனீர்?"

"அம்மாவுக்குச் சுகமில்லை ஐயா. பாக்க ஆளில்லை."

அம்மா நல்ல சுகத்தோடு இருந்தார். அன்று காலை எனக்குப் புட்டு அவித்துக் கட்டித் தந்திருந்தார். அந்தப் பொதி கைப்பைக்குள் இன்னும் சூடாறாமல் இருந்தது.

இரண்டாவது கடிதம் பத்து நாளில் வந்தது. செய்முறைச் சோதனை என்று எழுதியிருந்தது. ஏழு பேரில் மூன்று பேரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். கனகராயன்குளத்து அண்ணரும் ஒருவர். என்னைக் கண்டதும் முதுகில் தட்டினார்.

இந்தத் தடவை டொக்டர் மட்டும் நின்றார். மருந்தறையில் நீளமான மேசை. ஆளுக்கொரு தராசு, உரல், அளவுக் கண்ணாடி. ஆளுக்கு நான்கு சீட்டுகள் தந்தார். மூன்று பேருக்கும் ஒரே சீட்டுகள்.

"ஒரு மணித்தியாலம். கலந்து, போத்தலில விட்டு, லேபல் எழுதி வையுங்கோ."

முதல் மூன்றையும் சுலபமாகச் செய்தேன். பதினொரு மாதம் மண்வெட்டி பிடித்த கை தராசுத் தட்டைத் தொட்டதும் தன் வேலையை மறக்காமல் செய்தது. அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. நான்காவது சீட்டை எடுத்தேன். இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு இருமல் மருந்து. வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். கையிலிருந்த அளவுக் கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டேன், பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இதை விளங்கும்படி சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் பிள்ளைகளின் இருமலுக்கு அபின் கலந்த ஒரு ரிங்சர், அதாவது சாராயத்தில் ஊறவைத்து எடுத்த மருந்துநீர், சேர்ப்போம். கர்ப்பூரம் போட்ட ரிங்சர் என்போம். அபின் அதில் மிகக் கொஞ்சம். இன்னொரு போத்தலில் தனி அபின் ரிங்சர் இருக்கும். அது பல மடங்கு கடுமையானது. பெரியவர்களுக்கே துளி கணக்கில்தான். சீட்டு எழுதுபவர் அவசரத்தில் கர்ப்பூரம் என்ற ஒரு சொல்லை விட்டால் முதலாவது இரண்டாவதாகிவிடும். பழகுநராகச் சேர்ந்த முதல் மாதத்திலேயே எங்களுக்கு இதைச் சொல்லித் தருவார்கள். டொக்டர் தந்த நான்காவது சீட்டில் அந்தச் சொல் இல்லை. வேண்டுமென்றே விட்டிருந்தார்.

முல்லைத்தீவுப் பக்கத்து மருந்துச்சாலையில், போன வருடம் மாரி காலத்தில், எனக்கு வந்த சீட்டிலும் அந்தச் சொல் இருக்கவில்லை.

அது காய்ச்சல் காலம். விறாந்தை நிறைய ஆட்கள். முள்ளியவளையிலிருந்து வந்த ஒரு தாய், ஒன்றரை வயது ஆண்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் யன்னலுக்கு முன்னால் மர வாங்கில் இருந்தாள். பிள்ளை இருமி இருமிக் களைத்துப்போயிருந்தது. சீட்டைக் கண்டதும் எனக்குச் சந்தேகம் வந்தது. வரவில்லை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். சீட்டை எடுத்துக்கொண்டு அப்போதிக்கரியின் அறை வாசல்வரை போனேன். அதற்கு முந்திய கிழமைதான் இன்னொரு அளவைப் பற்றிக் கேட்டதற்கு, நோயாளிகள் எல்லோரும் பார்த்திருக்க, "வைத்தியம் பாக்கிறது நீயோ நானோ?" என்று கத்தியிருந்தார். வாசலில் நின்றேன். அவர் ஒருவருடைய காலில் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன?"

"ஒண்டுமில்லை ஐயா."

திரும்பி வந்து, எழுதியிருந்தபடியே கலந்தேன். தாய் போத்தலை வாங்கிக்கொண்டு, எப்படிக் கொடுப்பது என்று கேட்டாள். மூன்று நேரம், ஒவ்வொரு தேக்கரண்டி என்றேன். "நல்லா நித்திரை கொள்ளுவான்" என்றும் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் செய்தி வந்தது. பிள்ளை நித்திரையிலேயே போய்விட்டது. அப்போதிக்கரி என்னைப் பார்த்தார். பிறகு முதல்நாள் சீட்டுகள் குத்தியிருந்த கம்பியிலிருந்து ஒன்றை உருவி, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். செய்தி கொண்டுவந்தவரிடம், "மூளைக்காய்ச்சல். நேற்றே எனக்குத் தெரியும். சொன்னால் தாய் தாங்கமாட்டாள் எண்டு சொல்லேல்லை" என்றார். நான் பேசாமல் நின்றேன். ஒரு மாதம் கழித்து வேலையை விட்டேன்.

"என்ன, முடிஞ்சுதோ?"

வவுனியா டொக்டர் எனக்குப் பின்னால் நின்றார்.

"இதைக் கலக்கேலாது டொக்டர். எழுதினவரைக் கேக்கவேணும்."

"எழுதினவர் இப்ப இல்லை. ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்."

"எண்டாலும் கலக்கமாட்டன்."

அவர் அடுத்த ஆளிடம் போனார். கனகராயன்குளத்து அண்ணர் நான்கையும் முடித்து, அழகான எழுத்தில் லேபல் ஒட்டி, வரிசையாக வைத்திருந்தார். டொக்டர் அவருடைய நான்காவது போத்தலை எடுத்து கழுவும் தொட்டியில் கவிழ்த்து ஊற்றினார். மூன்றாவது ஆளுடையதையும் ஊற்றினார். ஏன் என்று அவர்களிடம் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அண்ணர் என்னைக் கேட்டார். சொன்னேன். அவருடைய முகம் கறுத்துப்போனது.

"இருவது வருசம் தம்பி. இருவது வருசத்திலை எனக்கு அப்பிடி ஒரு சீட்டு வரேல்லை," என்றார். பிறகு, "வந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது, என்ன?" என்றார்.

மூன்றாவது கடிதத்தில் என்னை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். அப்பு அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வேலை கிடைத்த மாதிரித்தான் என்று பக்கத்துக் காணிக்காரருக்கும் சொல்லிவிட்டார்.

டொக்டரின் அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். சம்பளம், தங்குமிடம், ஞாயிறு முறை எல்லாவற்றையும் கதைத்தார். நான் எழும்பப் போன நேரத்தில் அவர் சொன்னார்:

"அந்தச் சீட்டை நான் ஆறு பேருக்குக் குடுத்திருக்கிறன், வேற வேற இடங்களிலை. பிழையைக் கண்டவை இருக்கினம். ஆனால் உம்மட கை நடுங்கினது. ஏன்?"

சுருக்கமாகச் சொல்லும் என்ற புத்திமதி எனக்கு நினைவிருந்தது. முந்தின இடத்தில் படித்தது என்றோ, பரீட்சைக்குத் தயார்செய்தபோது பயந்தது என்றோ ஒரு வரியில் முடித்திருக்கலாம். பதினொரு மாதத்துக்கு மேலாக, என்ன நடந்தது என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டவுடன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாசலில் நின்றதையும், 'ஒண்டுமில்லை' என்றதையும், 'நித்திரை கொள்ளுவான்' என்றதையும். என் தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்திருந்தது.

அவர் தன் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"தாய் தகப்பனுக்குத் தெரியுமோ?"

"இல்லை டொக்டர்."

"அப்ப எனக்கு ஏன் சொல்லுறீர்? நான் அந்தப் பிள்ளைக்கு ஆர்?"

அவர் எழும்பிக் கதவைத் திறந்துவிட்டார்.

"போய்ட்டு வாரும். அறிவிப்பம்," என்றார்.

முள்ளியவளைக்குப் போக எனக்கு நான்கு நாள் பிடித்தது. முதல் மூன்று நாளும் வெளிக்கிட்டுப் பஸ் தரிப்புவரை போய்த் திரும்பி வந்தேன். நான்காம் நாள் மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவு பஸ் எடுத்தேன். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. பிள்ளை செத்த வீடு என்றால் ஊரில் காட்டுவார்கள். வேலியோரம் ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது. தாய் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

"மருந்து தந்த தம்பியெல்லோ? இருங்கோ, இருங்கோ. மாமி, தேத்தண்ணி வையுங்கோ."

குசினிக்குள் இருந்து பதில் வரவில்லை. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமி என்னோட கதைக்கிறேல்லை. அண்டைக்குக் காலமை நான் பிள்ளையைக் குளிப்பாட்டினனான். காய்ச்சலோட தலைக்குத் தண்ணி வாத்திட்டன். அதுதான் மூளைக்குப் போனது எண்டு எல்லாரும் சொல்லுகினம். இவரும் சொல்லுறார். எனக்கும் அப்பிடித்தான் இருக்குது."

அவள் தந்த கதிரையில் என்னால் இருக்க முடியவில்லை. நின்றபடி சொன்னேன். மருந்தின் பெயரையெல்லாம் சொல்லாமல், கடுமையான மருந்து மாறிப்போனது, சீட்டில் பிழை இருந்தது, எனக்கு அது தெரிந்தும் கேட்காமல் கலந்தேன் என்று சொன்னேன். எந்தப் பகுதியைச் சொன்னபோது அவளுக்கு விளங்கியது என்று தெரியவில்லை. கையிலிருந்த நெல் விரலிடுக்கால் கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப குளிப்பாட்டினது இல்லையோ?"

"இல்லை அக்கா."

"குளிப்பாட்டினது இல்லையோ?"

"இல்லை. மருந்துதான்."

அவள் குசினிப் பக்கம் திரும்பினாள். சத்தமாகக் கூப்பிடவில்லை.

"மாமி, கேட்டனீங்களோ?"

மாமியார் வாசலுக்கு வந்து நின்றார். மருமகளைப் பார்க்கவில்லை; என்னையும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் வேலை செய்துகொண்டிருந்த பிள்ளையின் தகப்பன் என்னவென்று கேட்டு வந்தான். என் வயதுதான் இருக்கும். மீண்டும் நானே சொன்னேன். அவன் என் சட்டையைப் பிடித்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவன் பிடியை விட்டுவிட்டான்.

"ஒரு வருசம்," என்றான். "ஒரு வருசமா இவளை நான்..."

அதை அவன் முடிக்கவில்லை. "எழும்பிப் போ. இனி இந்த வளவுக்கை கால் வைக்காதை," என்றான். எழும்புவதற்கு ஒன்றுமில்லை, வந்ததிலிருந்து நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது பின்னால் அந்தத் தாய் அழத் தொடங்கும் சத்தம் கேட்டது. தரிப்பில் இரண்டு மணித்தியாலம் பஸ்ஸுக்கு நின்றேன்.

அடுத்த நாளே தகப்பன் அப்போதிக்கரியின் மருந்துச்சாலைக்குப் போய், ஆட்கள் கூடக் கத்தியிருக்கிறான். அங்கிருந்து கதை பரவி வவுனியாவுக்கும் எட்டியது. நான் டொக்டருக்கு, போய்ச் சொல்லிவிட்டேன் என்று ஒரு தபாலட்டை போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. நான்காவது தடவை கூப்பிட்டுக் கடிதம் வந்தது.

அன்று மேசைக்குப் பின்னால் ஆறு பேர் இருந்தார்கள். எனக்குக் கதிரை போடப்படவில்லை. முதலாளியின் கையில் ஒரு கடிதம் இருந்தது. அப்போதிக்கரி எழுதியது. முதலாளி அதை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். தான் சரியாகத்தான் எழுதிக் கொடுத்தாராம். மருந்தாளர் போத்தலை மாறி எடுத்தானாம். இளம்பெடியன், எதிர்காலம் கெடக்கூடாது என்று இரக்கப்பட்டு அன்று மறைத்தாராம். இப்போது அவன் தன்மேல் பழி போடுவதால் எழுதவேண்டி வந்ததாம்.

"இதுக்கு என்ன சொல்லுறீர்?" என்று முதலாளி கேட்டார்.

"சீட்டிலைதான் பிழை ஐயா. நான் கண்டனான். கேக்காமல் விட்டது என்ர பிழை."

"சீட்டு எங்கை?"

"அவர் எடுத்து வைச்சிருந்தவர்."

"அப்ப உம்மட்டை ஒண்டுமில்லை."

"இல்லை ஐயா."

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல்தரம் கேக்கேக்கை தாய்க்குச் சுகமில்லை எண்டனீர்," என்றார். "அது உண்மையோ?"

"பொய் ஐயா."

"ஒண்டைப் பொய் எண்டு நீரே சொல்லுறீர். மற்றதை எப்பிடி நம்புறது?"

நான் டொக்டரைப் பார்த்தேன். என் கை நடுங்கியதைக் கண்டவர் அவர். சீட்டைப் பார்த்துக் கலக்கமாட்டேன் என்று நான் சொன்னதைக் கேட்டவரும் அவர். மேசையில் கிடந்த பென்சிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவேயில்லை.

"சரி, போகலாம்," என்றார் முதலாளி.

விறாந்தையால் இறங்கும்போது டொக்டர் பின்னால் விரைந்து வந்தார்.

"நீர் போய்ச் சொன்னது சரி. அதை நான் உமக்குச் சொல்லவேணும்."

"அதை உள்ளுக்குச் சொல்லியிருக்கலாம் டொக்டர்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நானும் அவையிட்டைச் சம்பளத்துக்கு நிக்கிறவன் தம்பி," என்றார். அதுவரை என்னை அவர் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

வேலை கனகராயன்குளத்து அண்ணருக்குக் கிடைத்தது. அவர் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். மன்னிக்கச் சொல்லி ஒரு வரி, சீட்டில் சந்தேகம் வந்தால் என்னென்ன பார்க்கவேண்டும் என்று எழுதி அனுப்பும்படி ஒரு வரி. இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன்.

நான்காவது தடவை போய்த் திரும்பிய அன்று பின்னேரமே அப்புவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

"பிள்ளைக்கு எத்தினை வயது?"

"ஒண்டரை."

அவர் அடுத்த கட்டு வைக்கோலை அவிழ்த்தார். மறுநாள் காலை என்னைக் கூப்பிடாமல் தனியாக வயலுக்குப் போனார். அப்படிப் பல நாள் போனார். அம்மாதான் ஒருநாள், "அவர் கோவத்திலை இல்லை. என்ன கதைக்கிறதெண்டு தெரியாமல் நிக்கிறார்," என்று சொன்னார்.

அடுத்த வருடம் ஆனையிறவு உப்பளத்தில் மூட்டை நிறுக்கும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். போய் நின்றேன், சேர்த்துக்கொண்டார்கள். மருந்தாளர் பத்திரம் வீட்டு அலுமாரிக்குள் கிடந்தது.

எனக்குக் கல்யாணம் பேசியபோது, பொம்பிளையிடம் நேரே கதைக்கவேண்டும் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் அது வழக்கமில்லை. கோயில் வீதியில், அவளுடைய தமையன் தள்ளி நிற்க, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். ஒருநாள் யோசிக்கவேண்டும் என்றாள். மூன்று நாள் எடுத்தாள். பிறகு ஓம் என்று சொல்லி அனுப்பினாள். அதைப் பற்றி எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு கதை வரவில்லை. எங்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். காய்ச்சல் வந்தால் அவள்தான் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாள். வாங்கி வந்த மருந்துப் போத்தலைக் குசினியில் தன் கைக்கெட்டும் உயரத்தில் வைத்து, நேரத்துக்குத் தானே கொடுப்பாள். ஒருநாளும் அதை என்னிடம் நீட்டி, இது சரிதானா என்று கேட்டதில்லை.